பூச்சிப் படம் எடுக்கத் தொடங்கியவருக்கு: நான்கு படங்களைப் பற்றிய என் கருத்து

நீங்கள் அனுப்பியிருந்த நான்கு படங்களையும் கணினித் திரையில் முழு அளவில் திறந்து, ஒவ்வொன்றையும் நேரமெடுத்துப் பார்த்தேன். எருக்கங்கிளையில் இறக்கைகளை மூடி அமர்ந்திருக்கும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி, குளக்கரைக் குச்சியின் நுனியில் நிற்கும் சிவப்புத் தட்டான், மாவிலையின்மேல் ‘இன்னொரு எறும்பைத் தூக்கிச் செல்லும் முசுறு’ என்று நீங்கள் தலைப்பிட்ட படம், புல் நுனியில் ஒரு நீர்த்துளி ஆகிய இந்த நான்கையும், கேனனின் தொடக்க நிலைக் கேமராவையும் அதனுடன் வந்த 18–55 மி.மீ., 55–250 மி.மீ. லென்ஸ்களையும் விலை குறைந்த ஓர் எக்ஸ்டென்ஷன் ட்யூபையும் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மாட்டும் வளையம்) கொண்டு எடுத்ததாக எழுதியிருந்தீர்கள். பார்த்தவர்கள் எல்லாரும் ‘அருமை’ என்றோ ‘இன்னும் ஷார்ப்பாக இருக்கலாம்’ என்றோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், அதை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை என்பது உங்கள் முதல் கேள்வி. நெருக்கப் படங்களுக்கென்றே உள்ள 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கினால் குறை தீருமா என்பது இரண்டாவது. பூச்சியைச் சற்று நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் அசையாமல் இருக்கும் என்று ஒருவர் சொன்னது சரியா என்பது மூன்றாவது.

முதலில் படங்களுக்கு வருகிறேன். ‘இன்னும் ஷார்ப்பாக இருக்கலாம்’ என்று சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூர்மை ஏன் வரவில்லை என்று அவர்கள் தேடிப் பார்க்கவில்லை. படங்களோடு பதிவாகியிருக்கும் விவரங்களைத் திறந்து பார்த்தால், எக்ஸ்டென்ஷன் ட்யூப் பொருத்தி எடுத்த மூன்று படங்களிலும் அப்பெர்ச்சர் எண் (லென்ஸுக்குள் ஒளி புகும் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறியதாகும்) 00 என்று இருக்கிறது. தட்டான் படத்தில் மட்டும், அது 55–250 லென்ஸில் ட்யூப் இல்லாமல் எடுக்கப்பட்டது என்பதால், எஃப்/11 என்று சரியாகப் பதிவாகியிருக்கிறது. இதிலிருந்து, உங்களிடம் இருப்பது மின் தொடர்புப் புள்ளிகள் இல்லாத வெறும் உலோக வளையங்கள் என்று தெரிகிறது. அந்த வளையம் இடையில் வந்துவிட்டால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும். கேமராவில் நீங்கள் என்ன எண்ணை வைத்தாலும் லென்ஸின் துளை முழுவதும் திறந்தபடியே இருக்கும். கேனன் லென்ஸ்களில் துளையைச் சுருக்குவது லென்ஸுக்குள் இருக்கும் சிறு மோட்டார் என்பதால், மின்சாரம் போகாதபோது அது அசையாது. ஆகவே, 55 மி.மீ.யில் எடுத்த இந்த மூன்று படங்களும் எஃப்/5.6இல் எடுக்கப்பட்டவை. நீங்கள் எஃப்/11 வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். லென்ஸுக்கு அந்தக் கட்டளை போய்ச் சேரவே இல்லை.

இது சிறு வேறுபாடு அன்று. 28 மி.மீ. வளையத்தை 55 மி.மீ. லென்ஸில் பொருத்தி மிக நெருக்கமாக ஃபோகஸ் செய்தால் உருப்பெருக்கம் ஏறத்தாழ 0.8 வரை வரும். அதாவது 10 மி.மீ. நீளமுள்ள பூச்சியின் உருவம், கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரின்மேல் 8 மி.மீ. நீளத்துக்கு விழும். உங்கள் கேமராவின் சென்சார் அளவுக்குக் கணக்கிட்டால், இந்த உருப்பெருக்கத்தில் எஃப்/5.6இல் கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழம் மொத்தமே சுமார் 0.6 மி.மீ. தான். எஃப்/11 என்று வைத்தால் அது 1.2 மி.மீ. ஆகும். பூச்சியின் கண்ணும் தாடையும் சேர்ந்து கூர்மையாக இருப்பதற்கும் இரண்டில் ஒன்று மட்டும் கூர்மையாக இருப்பதற்கும் இடையிலுள்ள தூரம் இதுவே. இயற்கைக் காட்சியை எடுக்கும்போது அப்பெர்ச்சரில் ஒரு படி மாறினால் கண்ணுக்கு எளிதில் தெரியாது. பூச்சியின் முகத்தில் அது படத்தையே மாற்றிவிடும்.

அப்படியானால் எஃப்/22 வைத்துவிடலாமே என்று தோன்றும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. நெருக்கமாகப் போகப் போக லென்ஸ் சென்சாரை விட்டு விலகுவதால், துளை மேலும் சிறியதாகிவிட்டதைப் போல ஒளி நடந்துகொள்ளும். 0.8 உருப்பெருக்கத்தில் எஃப்/11 என்பது நடைமுறையில் ஏறத்தாழ எஃப்/20. எஃப்/22 என்பது எஃப்/40. அந்த அளவுக்குத் துளை சுருங்கும்போது ஒளியலைகள் துளையின் விளிம்பில் சிதறிப் பரவுவதால் படம் முழுவதுமே மென்மையாகிவிடும். ஆழம் கிடைக்கும், ஆனால் நுண்விவரம் போய்விடும். உங்கள் கருவிக்கு எஃப்/8 முதல் எஃப்/11 வரை நல்ல எல்லை என்பது என் கருத்து. மின் தொடர்புள்ள எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கினால் இந்தச் சிக்கல் உடனே தீரும். அதுவரை, வைத்த அளவுக்குத் துளையைச் சுருக்கிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ பட்டன் உள்ள கேமரா கையில் கிடைத்தால், லென்ஸை நேரடியாகப் பொருத்தி, எஃப்/8 வைத்து, அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால் துளை அதே அளவில் நின்றுவிடும். பிறகு வளையத்தோடு மாட்டிக்கொள்ளலாம். வியூஃபைண்டர் இருட்டாகத் தெரியும் என்பதால் ஃபோகஸ் செய்வதற்கு ஒரு சிறு டார்ச் துணையாக இருந்தால் நல்லது.

வெந்தய வரியன் படத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காலை வெயில் ஏறுவதற்கு முன்பு, அது பறக்கும் நிலைக்கு வராத நேரத்தில் போயிருக்கிறீர்கள். அது மிகச் சரியான முடிவு. ஆனால் கேமராவைச் சற்றுச் சாய்வாகப் பிடித்ததால் இறக்கையின் நடுப்பகுதி கூர்மையாகவும் கண்ணும் உணர்கொம்பும் மங்கலாகவும் வந்துள்ளன. மூடிய இறக்கை ஏறத்தாழ ஒரு தட்டையான பரப்பு. கேமராவின் பின்பக்கத் திரை அந்தப் பரப்புக்கு இணையாக இருக்கும்படி உடலை நகர்த்திக்கொண்டால், எஃப்/8இலேயே இறக்கை நுனியிலிருந்து கண் வரை எல்லாம் கூர்மையாகும். இன்னொன்று, பின்னணியில் இலைகளுக்கிடையே தெரியும் வானத்தின் வெள்ளைத் திட்டு. வண்ணத்துப்பூச்சியின் தலைக்கு நேர் பின்னால் அது விழுந்திருப்பதால் பார்வை முதலில் அங்கேதான் போகிறது. நெருக்கப் படத்தில் கேமராவை ஒரு சாண் இடமோ வலமோ நகர்த்தினாலே பின்னணி முழுவதும் மாறிவிடும் என்பதால், படம் எடுப்பதற்கு முன் ஒரு முறை பூச்சியை விட்டுவிட்டு அதன் பின்னால் இருப்பதை மட்டும் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

தட்டான் படம் நான்கிலும் பலவீனமானது என்றும், ‘போதிய நெருக்கம் இல்லை’ என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் இதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் படந்தான். காரணம், அந்தத் தட்டான் நிற்கும் விதம். தலை கீழே தாழ்ந்து, வால் போன்ற நீண்ட வயிற்றுப் பகுதி நேர் மேலே நிமிர்ந்து, கிட்டத்தட்ட தலைகீழாக நிற்பதைப் போல இருக்கிறது. படம் எடுத்த நேரம் நண்பகல் 12 மணியை ஒட்டியது என்று விவரங்களில் பதிவாகியிருக்கிறது. வெயில் உச்சியில் இருக்கும்போது சில தட்டான்கள் வயிற்றின் நுனியைச் சூரியனை நோக்கி நிமிர்த்திக்கொள்ளும். அப்போது உடலின்மேல் நேரடியாக வெயில் விழும் பரப்பு மிகவும் குறைந்து, உடல் அளவுக்கு மீறிச் சூடாவது தவிர்க்கப்படுகிறது. குச்சியின்மேல் விழுந்திருக்கும் நிழலைப் பாருங்கள். தட்டானின் நிழல் ஒரு சிறு புள்ளியாகச் சுருங்கிக் கிடக்கிறது. வெயிலை அது எப்படிச் சமாளிக்கிறது என்பதை அந்த நிழல் ஒன்றே காட்டிவிடுகிறது. நான்கு படங்களிலும் உயிரினம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று காட்டும் படம் இது ஒன்றுதான்.

அந்தப் படம் கெட்டது பிற்பாடு நீங்கள் செய்த வெட்டலில். ‘நெருக்கம் போதவில்லை’ என்ற எண்ணத்தில் சுற்றியிருந்த இடத்தை எல்லாம் வெட்டிவிட்டதால், நிமிர்ந்த வயிற்றின் நுனி மேல் விளிம்பில் இடித்துக்கொண்டு நிற்கிறது. வலது பின்னிறக்கையின் ஓரம் அறுபட்டிருக்கிறது. மேல்நோக்கி நிற்கும் உயிருக்கு மேலே வெற்றிடம் வேண்டும். வெட்டாத மூலப் படத்துக்குத் திரும்பினாலும், அது அகலவாக்கில் எடுக்கப்பட்டிருப்பதால் மேலே அதிக இடம் கிடைக்காது; அடுத்த முறை கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிக்கொள்ளுங்கள். ஒரு குச்சியைத் தன் இடமாகக் கொண்ட தட்டான், விரட்டிவிட்டாலும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும் என்பதால், அங்கேயே அசையாமல் அமர்ந்திருந்தால் இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கும்.

கூர்மைக் குறைவுக்கு இங்கே வேறு காரணம் இருக்கிறது. 250 மி.மீ., எஃப்/11, ஷட்டர் வேகம் 1/200 நொடி, ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்திறன்) 100 என்று பதிவாகியிருக்கிறது. ஐ.எஸ்.ஓ. எப்போதும் மிகக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். காற்றில் ஆடும் குச்சி, கையில் பிடித்த 250 மி.மீ. லென்ஸ் ஆகிய இரண்டும் சேர்ந்த இடத்தில் 1/200 நொடி போதாது. லென்ஸிலுள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கையின் நடுக்கத்தைக் குறைக்குமே தவிரக் குச்சியின் ஆட்டத்தை நிறுத்தாது. ஐ.எஸ்.ஓ. 400 வைத்திருந்தால் 1/800 நொடி கிடைத்திருக்கும். ஐ.எஸ்.ஓ. 400இல் வரும் மணல்போன்ற புள்ளிகளை மென்பொருளில் குறைத்துவிடலாம்; அசைவால் கலைந்த இறக்கை நரம்புகளை எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்டுத் தராது. சிவப்பைப் பற்றியும் ஒரு சொல்: தட்டானின் முதுகில் சிவப்பு ஒரே தட்டையான திட்டாக, விவரமின்றி இருக்கிறது. மொத்த ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடம் சரியாக இருந்தாலும், சிவப்பு மட்டும் எல்லை மீறிப் போயிருக்கலாம். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைக் கேமராவில் இயக்கிவைத்து, சிவப்பு வலது சுவரில் முட்டாதபடி ஒளியளவைச் சற்றுக் குறைத்து எடுங்கள்.

இனி மூன்றாவது படம். இதில் இருப்பது எறும்பு அன்று. முசுறைப் போல வேடமிட்ட தாவும் சிலந்தி. கால்களை எண்ணிப் பாருங்கள்: எட்டு இருக்கின்றன. முன்னங்கால் இரண்டையும் அது தரையில் ஊன்றாமல் உயர்த்திப் பிடித்திருப்பதால் அவை எறும்பின் உணர்கொம்புகளாக நம் கண்ணுக்குத் தெரிகின்றன. உடலின் நடுவே எறும்பின் இடுப்பைப் போன்ற ஒடுக்கமும், தலையின் இருபக்கத்திலும் எறும்பின் கூட்டுக்கண்களை நினைவூட்டும் கரிய திட்டுகளும் உள்ளன. நீங்கள் ‘தூக்கிச் செல்லப்படும் எறும்பு’ என்று எண்ணியது, இந்த இனத்தின் ஆணுக்கு முன்னோக்கி நீண்டிருக்கும் தாடைகள். அவற்றின் நுனியிலுள்ள கரும்புள்ளிகள் இரண்டாவது எறும்பின் கண்களைப் போலத் தோன்றும். படத்தின் கீழ் மூலையில், இலையின் ஓரத்திலிருந்து வயிற்றின் பின்புறம் வரை ஒரு மெல்லிய நூலிழை போவதையும் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். முசுறுகள் இலைகளைச் சேர்த்துக் கூடு தைப்பதற்கு அவற்றின் புழுக்கள்தாம் நூல் தரும். வளர்ந்த முசுறு நூல் விடாது. சிலந்தியோ, ஆபத்து நேர்ந்தால் தொங்கித் தப்புவதற்காக எப்போதும் ஓர் இழையை விட்டுக்கொண்டே நடக்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், ஃபோகஸ் எங்கே விழ வேண்டும் என்ற முடிவு இதைப் பொறுத்தே அமைகிறது என்பதுதான். எறும்பு என்று நினைத்ததால் நீங்கள் பக்கவாட்டிலிருந்து எடுத்து, ‘சுமக்கப்படும் எறும்பின்’ மீது, அதாவது தாடைகளின் நுனிமீது, ஃபோகஸ் வைத்திருக்கிறீர்கள். 0.6 மி.மீ. ஆழத்தில் தாடை நுனி கூர்மையாக இருந்தால் முகம் கூர்மையாக இருக்க வழியில்லை. தாவும் சிலந்திகளுக்கு முகத்தின் முன்பக்கம் இரண்டு பெரிய கண்கள் உண்டு. படம் பார்ப்பவரின் பார்வை அந்தக் கண்களைத் தேடித்தான் போகும். அவை கூர்மையாக இருந்து மற்றவை மங்கினால் அது ஓர் உயிரின் படமாகத் தெரியும். அவை மங்கி மற்றவை கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியதாகவே தெரியும். ஆனால் இந்தச் சிலந்தியைப் பொறுத்தவரை அதன் வேடமே செய்தி என்பதால், மேலிருந்து, முழு உடலும் தாடைகளும் கேமராவுக்கு இணையாக வரும்படி எடுக்கும் இன்னொரு படமும் அவசியம். முன்பக்கத்திலிருந்து கண்களுக்காக ஒன்று, மேலிருந்து வேடத்துக்காக ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் நீங்கள் கண்டது முழுமையாக வெளிப்படும்.

இத்தனை குறைந்த ஆழத்தில் லென்ஸின் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்வது பயன் தராது. தேவையான உருப்பெருக்கத்தை முதலில் முடிவு செய்து, வளையத்தைத் தொடாமல் விட்டு, முழங்கைகளை உடலோடு ஒட்டிக்கொண்டோ கையைத் தரையிலோ கிளையிலோ ஊன்றிக்கொண்டோ, உடம்பை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளிவாகத் தெரியும் நொடியில் பட்டனை அழுத்துங்கள். ஒன்றுக்குப் பதில் நான்கைந்து படங்களைத் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்றாவது சரியான இடத்தில் விழும். இப்படி ஃபோகஸ் மாறிய பல படங்களை எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள்களில் ஒன்றாகச் சேர்க்கும் முறையும் உண்டு. ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும் சிலந்தியில் அதைத் தொடங்க வேண்டாம். காளானிலும் பாசியிலும் பழகிக்கொள்ளுங்கள்.

அதே படத்தில் ஒளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேமராவின் தலையிலிருந்து எழும்பும் சிறு ஃப்ளாஷைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். படத்தின் அடிப்பகுதியில் பிறை வடிவில் இருக்கும் இருட்டு, லென்ஸின் நிழல். பூச்சி லென்ஸுக்கு மிக அருகில் இருக்கும்போது ஃப்ளாஷின் ஒளியை லென்ஸே மறைத்துவிடுகிறது. சிலந்தியின் வழவழப்பான முதுகில் தெரியும் கூர்மையான வெள்ளைப் புள்ளிகள், சிறிய ஒளிமூலம் அப்படியே எதிரொளிப்பதால் வருபவை. ஒளி மென்மையாக விழுவதற்கு ஒளிமூலம் பூச்சியைவிடப் பலமடங்கு பெரியதாகவும் அதற்கு மிக அருகிலும் இருக்க வேண்டும். பூச்சி சிறியது என்பது இங்கே நமக்கு ஒரு பெரிய வசதி: ஒரு ட்ரேசிங் தாளோ, மின்சாதனங்களைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாளோ போதும். லென்ஸின் முன்முனைக்கு மேலே, பூச்சியின் பக்கம் சற்று வளைந்திருக்குமாறு அதை ரப்பர் பேண்டால் கட்டி, ஃப்ளாஷின் ஒளி அதன் வழியாக மட்டும் போகும்படி செய்யுங்கள். கேமராவின் சிறு ஃப்ளாஷுக்கே இது கணிசமான மாற்றத்தைத் தரும். மேலே பொருத்தும் தனி ஃப்ளாஷாக இருந்தால் லென்ஸின் நிழலும் நீங்கிவிடும். தனி ஃப்ளாஷைக் குறைந்த திறனில் இயக்கும்போது அதன் மின்னல் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடிப்பதால், கை நடுக்கமும் இலையின் ஆட்டமும் படத்தில் பதியாமல் உறைந்துவிடும். பின்னணி கரிய இருட்டாகப் போவதைத் தவிர்க்க, பூச்சிக்குப் பின்னால் ஓர் இலை அருகில் இருக்கும்படி கோணத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

நீர்த்துளிப் படத்தில், தெளிப்பானால் தண்ணீர் தெளித்து எடுத்ததாக நேர்மையாக எழுதியிருந்தீர்கள். புல்லின்மேல் தண்ணீர் தெளிப்பதில் தவறு ஏதுமில்லை; தலைப்பில் மட்டும் ‘பனித்துளி’ என்று போட வேண்டாம். தெளித்த நீர் பெரிதும் சிறிதுமான துளிகளாக முறையின்றிச் சிதறியிருக்கும். பனி இலைப்பரப்பு முழுவதும் நுண்மணிகளாகப் படர்ந்திருக்கும். புல்லின் நுனியில் மட்டும் விடியற்காலையில் தனியாக நிற்கும் பெரிய துளி பெரும்பாலும் பனியே அன்று. ஈரப்பதம் மிகுந்த இரவில் வேர் உறிஞ்சிய நீர் இலை நுனியின் நுண்துளைகள் வழியாகக் கசிந்து திரண்டது அது. இந்த மூன்றையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரிந்தவர் உங்கள் படத்தை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். ஃபோகஸைப் பொறுத்தவரை, நீங்கள் துளியின் விளிம்பில் வைத்திருக்கிறீர்கள். துளிக்குள் தெரியும் செம்பருத்திப் பூ மங்கலாக இருக்கிறது. துளி ஒரு குவிலென்ஸாக வேலை செய்து, பின்னாலுள்ள பூவின் தலைகீழ் உருவத்தைக் கேமரா இருக்கும் பக்கத்தில், தனக்குச் சற்று முன்னே உருவாக்குகிறது. எனவே அந்த உருவத்தின்மீது ஃபோகஸ் வைக்க வேண்டுமானால், விளிம்பு தெளிவாகத் தெரியும் நிலையிலிருந்து கேமராவை இம்மியளவு பின்னுக்கு இழுக்க வேண்டும்.

மென்பொருளில் செய்த வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கிலும் கூர்மைப்படுத்தும் அளவு அதிகம். தட்டானின் விளிம்பைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிவது அதனால்தான். பச்சை நிறத்தின் செறிவையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்டால், அன்பாகப் பழகும் நம் ஆட்கள் ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. பயன் தரும் விமர்சனம் வேண்டுமானால், நீங்கள் எடுத்த முடிவை அவர்கள் முன்னால் வைத்து, அந்த முடிவைப் பற்றிக் கேட்க வேண்டும். ‘தட்டானின் நிமிர்ந்த நிலையைக் காட்ட விரும்பினேன், அது உங்களுக்கு முதலில் கண்ணில் பட்டதா, வேறு எங்காவது பார்வை போனதா’ என்று கேளுங்கள். முதலில் எங்கே பார்த்தார் என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதற்குக் கேமரா அறிவு தேவையில்லை. வீட்டில் உள்ளவர்கள் இந்த ஒரு கேள்விக்குத் தரும் பதில், ஷார்ப்னெஸ் பற்றிப் பேசும் பலரின் கருத்தைவிட உதவியாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேமரா தெரிந்தவரிடம் கேட்கும்போது நிலைமை வேறு. அவருக்கு வெட்டாத மூலப் படம் வேண்டும். லென்ஸ், இணைப்புகள், ஷட்டர் வேகம், அப்பெர்ச்சர், ஐ.எஸ்.ஓ., கையில் பிடித்ததா ட்ரைபாடா, ஃப்ளாஷ் உண்டா, எந்த நேரம் என்பவை வேண்டும். வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, உள்ளே பதிவான விவரங்களும் நீங்கிவிடும்; கோப்பாக அனுப்புங்கள். நீங்கள் எனக்கு மூலக் கோப்புகளை அனுப்பியதால்தான் அந்த 00 என் கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் நானும் ‘இன்னும் ஷார்ப்பாக இருக்கலாம்’ என்றுதான் எழுதியிருப்பேன். தேர்ந்தெடுத்த ஒரு படத்தோடு, அதே வரிசையில் நீங்கள் ஒதுக்கிய இரண்டு மூன்று படங்களையும் சேர்த்து அனுப்புவது மிக நல்லது. தொடக்கத்தில் படம் எடுப்பதைவிடத் தேர்ந்தெடுப்பதில்தான் தவறு அதிகம் நேர்கிறது.

இயற்கைப் படத்துக்கு மூன்றாவது வகை விமர்சகரும் வேண்டும், பூச்சிகளைத் தெரிந்தவர். அவர் உங்கள் படத்தின் அழகைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போகலாம், ஆனால் ‘இது சிலந்தி’ என்று ஒரு வரி எழுதினால் உங்கள் படமெடுக்கும் முறையே மாறிவிடும். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடமும் நாளும் குறிப்பிட்டுப் பதிவேற்றினால் இனங்காண உதவுவோர் கிடைப்பார்கள். இந்த அறிவு இல்லாமல் செய்யும் திருத்தங்கள் படத்தைக் கெடுப்பதும் உண்டு: கும்பிடுபூச்சியின் பச்சைக் கண்ணில் தெரியும் கரும்புள்ளியைத் தூசி என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். கூட்டுக்கண்ணில் நம்மை நேராக நோக்கும் சிற்றறைகள் ஒளியை உள்வாங்கிக்கொள்வதால் தோன்றும் புள்ளி அது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது நம்மையே பார்ப்பது போலத் தெரியும். அதை அழித்தால் பூச்சியின் பார்வையே போய்விடுகிறது.

வந்த கருத்துகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் குழம்ப வேண்டாம். ‘கண் மங்கலாக இருக்கிறது’, ‘இறக்கை அறுபட்டிருக்கிறது’, ‘லென்ஸின் நிழல் விழுந்திருக்கிறது’ என்பவை படத்தில் சரிபார்க்கக்கூடியவை. யார் சொன்னாலும் திறந்து பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். ‘பின்னணி இன்னும் இருட்டாக இருக்கலாம்’, ‘பூச்சி இடப்பக்கம் இருந்திருக்கலாம்’ என்பவை ரசனை சார்ந்தவை. மூன்று பேர் தனித்தனியே ஒன்றையே சொன்னால் மட்டும் யோசியுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திருத்த முயலாமல், ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு அதே செடியில், அதே பூச்சியை, அதே நேரத்தில் மீண்டும் எடுத்துப் பார்த்தால், சொல்லப்பட்ட கருத்து சரியா தவறா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஃப்ரிட்ஜில் வைப்பதைப் பற்றி என் பதில் உறுதியானது: செய்யாதீர்கள். குளிரில் விறைத்த பூச்சி கால்களை இயல்பாக ஊன்றாது, உணர்கொம்புகளைத் தாழ்த்திவிடும். பூச்சிகளைத் தெரிந்தவர் பார்த்தவுடனேயே கண்டுகொள்வார். மீண்டும் வெளியில் விடும்போது அது தன் இடத்தையும் இரையையும் இழந்திருக்கும், தப்பிப் போக முடியாமல் எறும்புக்கு இரையாகவும் கூடும். விடியற்காலையில் நீங்கள் வெந்தய வரியனிடம் போனதைப் போல, உடல் சூடேறாத நேரத்தில் போனாலே அவை அசையாமல் இருக்கும். ஒட்டுவது, கால்களை நூலால் கட்டுவது போன்ற வேலைகளைப் பரிந்துரைப்பவர்களின் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், அவர்களிடம் விமர்சனம் கேட்காதீர்கள்.

லென்ஸ் வாங்குவதைப் பற்றி: இப்போது வேண்டாம். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் நல்ல கருவி. 1:1 அளவில், அதாவது பூச்சியின் உருவம் சென்சாரில் அதே அளவில் விழும்போது, பூச்சிக்கும் லென்ஸின் முன்முனைக்கும் இடையே அரைச் சாணுக்குச் சற்று அதிகமான இடைவெளியைத் தரும். ஆனால் உங்கள் படங்களில் நான் சுட்டிக்காட்டிய குறைகளில், அப்பெர்ச்சரைத் தவிர வேறொன்றையும் அது சரிசெய்யாது. அப்பெர்ச்சருக்கும் அதைவிட மிக மலிவான வழி இருக்கிறது. உங்களிடம் சும்மா இருக்கும் 55–250 லென்ஸின் முன்னால் ரேநாக்ஸ் டி.சி.ஆர். 150 என்ற 4.8 டயாப்டர் (லென்ஸின் குவிக்கும் திறனைக் குறிக்கும் அளவு) முன்லென்ஸைக் கவ்வ வைத்தால், 200 மி.மீ.யில் ஏறத்தாழ 1:1 உருப்பெருக்கம் கிடைக்கும், பூச்சியிலிருந்து சுமார் 20 செ.மீ. தள்ளி நிற்கலாம், கேமராவிலிருந்து அப்பெர்ச்சரையும் வழக்கம்போல் மாற்றலாம். அதே வரிசையில் 8 டயாப்டர் கொண்ட டி.சி.ஆர். 250 இன்னும் சிறிய உயிர்களுக்கு ஏற்றது. ஆனால் பூச்சிக்கு இருக்கும் தூரம் 12 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும், ஃபோகஸ் செய்வதும் கடினம் என்பதால் தொடக்கத்துக்கு 150 போதும். மிச்சமாகும் பணத்தில் மேலே பொருத்தும் ஒரு ஃப்ளாஷ் வாங்குங்கள். அடுத்து அந்த மாமரத்துக்குப் போகும்போது, சிலந்தியை மேலிருந்து ஒன்றும் முன்னிருந்து ஒன்றுமாக எஃப்/11இல் எடுத்து, வெட்டாத கோப்புகளையும் ஒதுக்கியவற்றையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன்.